ஓவிய வகுப்பில் நெசவு: இதில் பிள்ளை என்ன கலையைக் கற்றுக்கொள்கிறாள்?

கொங்குக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

மகள் நாலாம் வகுப்பு. போன வருடம் வரைக்கும் ஓவிய வகுப்பு என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை, வானத்தில் நாலு காக்கா. எனக்கே அது அலுத்துப் போயிருந்தது, உண்மைதான். இந்த வருடம் புது ஆசிரியை. வந்ததிலிருந்து ஏழு வாரமாகப் பிள்ளைகளைப் பென்சிலே எடுக்கவிடவில்லை. முதலில் வண்ணத்தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பாய் மாதிரி பின்னச் சொன்னார். அப்புறம் அட்டைப்பெட்டியை வெட்டி, மேலும் கீழும் பல் பல்லாக நறுக்கி, அதில் நூலை இழுத்துக் கட்டி, தடித்த ஊசியில் கம்பளி நூல் கோத்து ஒன்றுக்கு மேலே ஒன்றுக்குக் கீழே என்று விடுவது. இப்போது காகிதத் தட்டில் வட்டமாக நெய்கிறார்கள்.

வீட்டில் இதை வைத்து ஒரு சின்னப் போரே நடக்கிறது. என் மாமியார் சென்னிமலைப் பக்கம். அவருடைய அப்பா காலம் வரை வீட்டுக்குள்ளேயே தறி, தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து போர்வை நெய்தார்கள். அத்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்ற, அதாவது நெய்வதற்கான நூலைச் சின்னக் குழலில் சுற்ற, உட்கார்ந்து வளர்ந்தவர். பேத்தி கையில் அட்டைத் தறியைப் பார்த்ததும், "தறிக்குழியில இருந்து ஏறி வரதுக்கு எங்களுக்கு ரெண்டு தலைமொறை ஆச்சு கண்ணு, இப்ப ஃபீஸ் கட்டி மறுபடியும் எறங்கச் சொல்றாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் நேற்று மகள் அழுதுகொண்டு வந்தாள். தட்டின் ஓரத்தில் 16 வெட்டு போட்டு, நடுவிலிருந்து நூல் இழுத்துக் கட்டியிருக்கிறாள். முதல் சுற்று நன்றாக வந்ததாம். இரண்டாவது சுற்றில் எந்த நூலுக்கு மேலே போனதோ அதற்கு மேலேயே மறுபடியும் போகிறது, பின்னலே விழவில்லை, நூல் கழன்று கழன்று வருகிறது. ஆசிரியையிடம் கேட்டால் "எண்ணிப் பார்" என்று மட்டும் சொன்னாராம். நான் செல்பேசியில் தேடி என்ன பிழை என்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்லிக்கொடுக்கலாமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. இதெல்லாம் கைவேலைதானே, இதில் கலை எங்கே இருக்கிறது என்பது பெரிய கேள்வி. பிள்ளைக்கு நிறம் தீட்டுவதில் உண்மையாகவே ஆசை உண்டு, அது வீணாகிறதோ என்ற பயம்.

வண்ணக்குச்சி:

31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன் அம்மா. தட்டு விஷயத்தில் வாயைத் திறக்காதீர்கள். இரட்டைப்படையில் வெட்டு போட்டால் ஏன் பின்னல் விழாது என்று அவளே கண்டுபிடிக்கட்டும், அழுதாலும் பரவாயில்லை. அந்த ஆசிரியை பேசாமல் இருக்கிறார் என்றால் விவரம் தெரிந்தவர் என்று அர்த்தம். நானெல்லாம் பாதி நேரம் பொறுமை இல்லாமல் பிள்ளை கையிலிருந்து பிடுங்கி நானே செய்து கொடுத்தவன். ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரி மொத்தத்தையும் நாங்கள்தான் முடிப்போம், கீழே பிள்ளைகளின் பெயர் மட்டும் ஒட்டுவோம்.

கலை எங்கே என்று கேட்டீர்கள். படம் வரையும்போது பிள்ளை தாளில் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், முதலில் கூரை, அப்புறம் புகை, அப்புறம் நினைவு வந்தால் வாசல். தறியில் அது நடக்காது. கீழே இருந்து வரி வரியாகத்தான் ஏற முடியும். வீடு நெய்ய வேண்டுமென்றால் முதல் வரியிலேயே வாசல் எத்தனை நூல் அகலம், அதற்கு இந்தப் பக்கம் சுவர் எத்தனை நூல் என்று முடிவு செய்திருக்க வேண்டும், கூரை இன்னும் மூன்று நாள் தள்ளி இருக்கிறது. முழுப் படத்தையும் மனதில் வைத்துக்கொண்டு இப்போதைக்கு ஒரு வரியை மட்டும் போடுவது பெரிய ஓவியர்களுக்கே லேசில் வராது. அழிரப்பரும் கிடையாது. பிழை என்றால் அதுவரை திரும்பிப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிழையோடு சமாதானமாகி அதை ஒரு வடிவமாக மாற்ற வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வார்கள், வேடிக்கையாக இருக்கும்.

வளைவும் அப்படித்தான். நூல் குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகும் என்பதால் வட்டம் நெய்தால் படிக்கட்டு படிக்கட்டாக வரும். முதலில் எரிச்சல்படுவார்கள். அப்புறம் அவர்களே ஒரு படிக்கு இரண்டு நூல், அடுத்த படிக்கு ஒரு நூல் என்று மாற்றிப் பார்த்து, தள்ளி நின்று பார்த்தால் வளைவு மாதிரி தெரிகிறதே என்று கண்டுபிடிப்பார்கள். பட்டுப்புடவைக் கரையில் இருக்கும் அன்னத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், கழுத்து முழுக்கப் படிக்கட்டுதான்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதால் இதையும் சொல்ல வேண்டும். சிவப்பு வண்ணத்தையும் பச்சையையும் தட்டில் குழைத்தால் சேறுதான் வரும், எல்லாப் பிள்ளையும் ஒருமுறை செய்து பார்த்திருக்கும். நூலில் குழைக்க முடியாது. பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கே விடும் நூல்) ஒரு நிறம் என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும், கலப்பதை நம் கண்தான் செய்கிறது. மயில்கழுத்து நிறம் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது சாயத்தொட்டியில் பிறந்த நிறமே இல்லை. நீலப் பாவில் பச்சை ஊடையோ ஊதா ஊடையோ ஓடுவதால், துணி மடியும் இடத்தில் ஒன்றும் நிமிரும் இடத்தில் இன்னொன்றும் மேலோங்கித் தெரிகிறது. இதை நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து விளக்கியபோது ஒருவருக்கும் புரியவில்லை. பாட்டி புடவை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டியதும் ஒரே கூச்சல்.

இன்னொன்று செய்யுங்கள். மகளிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்து உங்கள் வீட்டு ஜீன்ஸ் துணியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாவு நீலம், ஊடை வெள்ளை, பாவு மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே போகும், ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளி. அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுத்தும் இருக்கிறது, சாய்ந்த கோடுகளும் அதனால்தான் விழுகின்றன. அவள் அட்டைத் தறியில் இதையே செய்து பார்க்கலாம்.

புது ஆசிரியை புதிதாக எதையும் கொண்டுவந்துவிடவில்லை. கிண்டர்கார்டன் என்று 1840இல் பெயர் வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெல், சின்னப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த வேலைகளிலேயே தாள் பின்னல் உண்டு. கைவேலையா கலையா என்ற சண்டையும் பழசுதான். நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் சேர்ந்தபோது பெண்களை நெசவுப் பட்டறைக்குத் தள்ளிவிடுவது அங்கே வழக்கம், அவரும் விருப்பமில்லாமல்தான் போனார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் நெய்ததை மட்டும் வைத்துத் தனிக் கண்காட்சி நடத்தியது. உங்கள் அத்தையிடம் இதைச் சொன்னால் எடுபடாது, தெரியும்.

கரைக்காரன்:

நான் அந்த அத்தை கட்சி.

காஞ்சிபுரம். எனக்கு ஒன்பது வயதில் அப்பா ஒரு தறிக்காரரிடம் முன்பணம் வாங்கினார், அதற்காக நான் போய் உட்கார்ந்தேன். கோர்வைப் புடவை எப்படி நெய்வார்கள் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை), இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று. ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், புடவையைப் பிடித்து இழுத்தாலும் கரை தனியாக வராது. ஒரே ஆளால் இதைச் செய்வது சிரமம். அந்தக் கடைசிக் கரைக்கு நாடா விட ஒரு உதவி ஆள் வேண்டும், பொடியன் என்றால் சம்பளமும் குறைவு, விரலும் சின்னது. அந்தப் பொடியன் நான். காலையில் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகும். பெரியவர் கை நின்ற நேரத்தில்தான் என் கையும் நிற்கும்.

வண்ணக்குச்சி சார் எழுதியது எல்லாம் சரிதான், மறுக்கவில்லை. ஆனால் நான் ஐந்து வருடம் அந்த அன்னத்தின் கழுத்தை நெய்திருக்கிறேன் சார். அதில் எத்தனை படி என்று ஒருநாள்கூட நான் எண்ணியது கிடையாது, எண்ண வேண்டிய வேலை எனக்கு இல்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டை தொங்கும், எந்த நூல் தூக்க வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். நிறத்தை முதலாளி முடிவு செய்வார். நாடாவை விட்டேன், வாங்கினேன், அவ்வளவுதான். கலை என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே வாங்க வந்த ஆட்கள் வாயிலிருந்துதான்.

1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் தடை போட்ட வேலைகளில் நெசவும் உண்டு. ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்தால் விலக்கு என்று அதிலேயே ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். எந்த வாசல் வழியாக எத்தனை பிள்ளை உள்ளே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் நெசவு பிள்ளைக்குக் கலையைக் கற்றுக்கொடுக்கும் என்று யாராவது பொதுவாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அரக்கு, குங்குமம், மிளகாய்ப்பழம், மாதுளை என்று சிவப்பில் எட்டு வகையை ராத்திரி பல்பு வெளிச்சத்தில் காட்டினாலும் பிரித்துச் சொல்வேன், இன்றைக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண் தானாகப் பழகிவிட்டது. என் மனைவி பெயிண்ட் கடைக்கு என்னை அழைத்துப் போவதே அதற்குத்தான்.

தூரதேசி:

கரைக்காரன் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். வேலை விஷயமாக இரண்டு வருடம் கெய்ரோவில் இருந்தபோது பார்த்த ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. உங்கள் பேச்சுக்கு அது பதிலாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரமிடு இருக்கிற கீசாவிலிருந்து சக்காரா போகும் சாலையில் ஹர்ரானியா என்று ஒரு கிராமம். ராம்சேஸ் விஸ்ஸா வாஸிஃப் என்ற கட்டடக் கலைஞரும் அவர் மனைவி சோஃபியும் 1950களின் தொடக்கத்தில் அங்கே இடம் வாங்கி, ஊர்ப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தார்கள். எல்லாம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், பத்து வயதை ஒட்டியவர்கள், பரம்பரை நெசவாளர்கள் கிடையாது. முன்கூட்டியே படம் வரைந்து வைத்துக்கொண்டு நெய்யக் கூடாது. வெளியில் இருக்கும் ஓவியங்களைக் காட்டி இது மாதிரி செய் என்று சொல்லக் கூடாது. பெரியவர்கள் குறை சொல்லவோ கை வைக்கவோ கூடாது. அவர் வைத்த விதிகள் இவ்வளவுதான். பின்னால் ஜக்கார்டும் கிடையாது அட்டையும் கிடையாது. செங்குத்தாக நிற்கும் தறி, கம்பளி நூலைக் கையாலேயே நிறம் நிறமாக நுழைத்து, சீப்பு மாதிரி ஒன்றால் கீழே தட்டித் தட்டி இறுக்குவது.

நான் போனபோது பேரீச்சை மரக் கூட்டம் ஒன்று மாட்டியிருந்தார்கள், சுவர் அளவுக்கு. அதில் கீழே இருக்கிற மரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, மேலே போகப் போகத் தாராளமாக இடம் விட்டு நிற்கின்றன, நடுவில் ஒரு கழுதை யாரையும் கேட்காமல் குறுக்கே போகிறது. நெய்ய நெய்ய மனம் மாறுவது அதில் அப்படியே தெரிந்தது. சாயத்துக்கான செடிகளையும் அங்கேயே தோட்டத்தில் வளர்க்கிறார்கள், நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர். மண்செங்கல் வளைவுகளால் ஆன அந்தக் கட்டடங்களுக்கு 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது, அதற்கு முன்பே 1974இல் வாஸிஃப் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்குப் பொடியன்களாக உட்கார்ந்தவர்களில் பலர் தலை நரைத்த பிறகும் அதே இடத்தில் நெய்துகொண்டிருந்தார்கள்.

கரைக்காரன்:

நல்ல இடம்தான் தம்பி. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் கூலி கொடுத்தார்கள்தானே? விற்றார்கள்தானே?

தூரதேசி:

ஆமாம் அண்ணா, நெய்து முடித்ததற்குப் பணம் கொடுத்தார்கள், விற்றார்கள், வெளிநாட்டில் கண்காட்சியும் வைத்தார்கள். அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் கழுதையை எங்கே விடுவது என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்தது.

கரைக்காரன்:

சரி. அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கழுதை கிடைக்கவில்லை.

வண்ணக்குச்சி:

கரைக்காரன் தம்பி கேட்டது நம் நாட்டிலேயே ஒருமுறை பெரிய அளவில் எழுந்த கேள்வி. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது நூற்பு, நெசவு மாதிரி ஒரு கைத்தொழிலைச் சுற்றியே படிப்பு முழுக்க அமைய வேண்டும் என்றார். பிள்ளைகள் செய்ததை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்பதும் அவர் யோசனை, அதற்கு அப்போதே எதிர்ப்பு இருந்தது. நான் படித்த காலத்தில் அதன் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர்) கொடுப்பார்கள், எத்தனை கஜம் நூற்றாய் என்று அளந்து நோட்டில் எழுதுவார்கள். நூல் சீராக வந்ததா, கையில் எப்படி ஓடுகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கஜக்கோல் வந்ததும் பிள்ளைகள் பஞ்சை வேகமாக இழுத்து அறுத்துத் தள்ளினார்கள், நானும்தான்.

பனங்குருத்து:

யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்ப வேறு நாட்டில் இருக்கிறேன். எங்கட பக்கம் இதைப் பன்னவேலை என்று சொல்லுவம், தறி இல்லை, பனையோலை. அம்மம்மா குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு எடுத்து, நகத்தால் ஒரே அகலத்தில் கிழிப்பா. நான் கிழிச்சால் ஒரு முனை தடிப்பு மறு முனை மெல்லிசு. "வார் சரியில்லாட்டி பெட்டி சரிவராது பிள்ளை" என்று சொல்லிவிட்டு அதையே என்னிடம் தந்து இழைக்கச் சொல்லுவா. இழைத்த பெட்டி ஒரு பக்கம் சரிஞ்சு நிற்கும். அதை எறியவும் விடமாட்டா, அதுக்குள்ளதான் என்ர மாபிள் (கோலிக்குண்டு) எல்லாம் இருந்தது.

நான் இப்ப மட்பாண்டம் செய்யிறனான், சின்னதாக ஒரு கூடம் வைத்திருக்கிறேன். பொருள் எப்பிடி வளையும், எங்க வளையாது என்று கையால் கேட்கிற பழக்கம் அந்தச் சரிஞ்ச பெட்டியில் வந்ததுதான். படம் கீறுகிற வகுப்பில் எனக்கு அது கிடைக்கேல்லை, தாள் எதுக்கும் எதிர்ப்புச் சொல்லாதே.

கொங்குக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுத முடியவில்லை, வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாயைத் திறக்கவில்லை சார். சனிக்கிழமை மத்தியானம் அவள் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாகத் தொட்டு மேலே, கீழே, மேலே, கீழே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினாள். 16ஆவது நூலில் "கீழே" வந்தது, அடுத்து ஒன்றாம் நூல் மறுபடியும் "மேலே". நாலு தடவை சுற்றிய பிறகு "அம்மா இது எப்பவுமே இப்படித்தான் வரும், ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு" என்றாள். 17 என்று இன்னொரு வெட்டு போடுவாள் என்று எதிர்பார்த்தேன், இடமில்லை. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்துப் பக்கத்து நூல் இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாக நினைத்துக்கொண்டு மேலே விட்டாள். பதினைந்தாகிவிட்டது, பின்னல் விழுந்துவிட்டது. நான் செல்பேசியில் பார்த்த எந்த வீடியோவிலும் இந்த வழி இல்லை.

அந்த இரட்டை நூல் இருக்கும் இடத்தில் மட்டும் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு தடித்த மேடு தெரிகிறது. அசிங்கமாக இருக்கிறதே என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். "அது என்ன?" என்று கேட்டதற்கு "பாதை" என்றாள். அடுத்த சுற்றிலிருந்து அந்தப் பாதைக்கு இரண்டு பக்கமும் பச்சை நூல் போட ஆரம்பித்துவிட்டாள்.

அத்தை இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாயங்காலம் வந்து அவளுடைய பழைய அட்டைத் தறியை எடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும் அது, எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் செய்கிறதாம். "ஏங்கண்ணு, நூலை வெரட்டி இழுக்கற. வளைச்சு விடு, தட்டுனா தன்னால நேரா உக்காரும்" என்று ஒரே ஒரு வரி போட்டுக் காட்டினார், வில் மாதிரி மேலே வளைத்துவிட்டு விரலால் அமுக்கினார். ஓரம் இம்மியும் நகரவில்லை. அப்புறம் எழுந்து போய்விட்டார், தறியைப் பற்றி அவர் கருத்து ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. "பாடத்தையும் படிக்கச் சொல்லு" என்றுதான் என்னிடம் சொன்னார்.

கரைக்காரன் அண்ணா, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

இன்னொரு சின்ன உதவி. கடையில் வாங்கும் கம்பளி உருண்டை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, விலையும் அதிகம். பல நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் நூல் எங்கே கிடைக்கும்?

கரைக்காரன்:

முழங்கால்தான் அம்மா, மழை வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடும். அத்தைக்கு என் வணக்கம்.

நூலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தறியில் பாவு முடியும்போது கடைசியில் ஒரு முழம் அளவுக்கு நெய்ய முடியாமல் மிஞ்சும், வெட்டித்தான் போட வேண்டும். சென்னிமலையில் அத்தைக்குத் தெரிந்த தறி இன்னும் ஒன்றிரண்டாவது ஓடும், கேட்டுப் பாருங்கள், கழிவு நூல் ஒரு பை நிறையக் கிடைக்கும். நிறம் நிறமாகச் சிக்கிக்கொண்டு வரும், பிரிக்கவே ஒரு வாரம் ஆகும். அதையும் பாப்பாவே பிரிக்கட்டும்.